காமிராவுக்கும் ஒரு ஜெபம்

என் தங்கச்சி லில்லி மகள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுக் காமிரா வந்தே தீரவேண்டும் என்று நான் முடிவு செய்தேன். வரவே கூடாது என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார்.

குவைத்துச் சண்டையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்த என் கொழுந்தன், அந்தக் காமிராவை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து அண்ணனுக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து அதற்கு வெல்வெட் துணி. எனக்குப் பழைய சீலை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்க்காத மனுசர், அதை மணிக்கொரு தரம் தடவிப் பார்ப்பார். ஆட்களைப் படம் எடுக்க மாட்டார். கொக்கு, எருமை, பாலம். அவ்வளவுதான்.

"கல்யாணக் கூட்டத்துல ஆளாளுக்குக் கை வைப்பானுவட்டி" என்பார்.

நானோ, "ஸ்டுடியோக்காரர் வேண்டாம், அத்தான் எடுப்பாக" என்று சாத்தான்குளத்தில் இருக்கும் லில்லிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். கல்யாணம் அடுத்த வாரம்.

அன்று சாயங்காலம் வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றுப் பாலத்தைப் படம் பிடிக்கப் போனவர், சொட்டச் சொட்ட வந்து நின்றார். முழங்கையில் தோல் இல்லை. மூக்குக்கண்ணாடி இல்லை. தலையில் பாசி.

"ஐயோ, என்னாச்சு?"

"பாலம் முழுசாத் தெரியணும்னு பையப் பைய பின்னால போனேன். படித்துறை முடிஞ்சு போச்சு."

"முதுகுலயா கண்ணு இருக்கு உங்களுக்கு?"

"என்னைய விடுட்டி. காமிரா போச்சு. உள்ள பூரா தண்ணி. இனி தேறாது. கல்யாணத்துக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு."

பீரோவில் எதையோ வைத்துப் பூட்டினார். சாப்பிட உட்கார்ந்தார். காமிராவைப் பறிகொடுத்தவர் மூன்றாவது தடவையாகச் சட்னி கேட்டார். அப்போதே எனக்கு உறைத்தது. காமிராவோடு எப்போதும் ஒட்டியிருக்கும் தோல் உறை ஆணியில் தொங்கியது; தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கேட்டால் காய்ந்துவிட்டது என்பார். அதனால் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் போதகர் ஐயா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

"எங்க போயிட்டு வாற?"

"ஆத்துல விழுந்து உசிர் தப்பியிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை கோயில்ல எந்திரிச்சு சாட்சி சொல்லணும்லா? பேர் குடுத்துட்டேன்."

ஆபத்தில் தப்பியவர்கள் சபை முன்னால் நின்று நடந்ததைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துவது எங்கள் வழக்கம்.

"அதுக்கென்ன, சொல்லிருதேன்."

"காமிராவுக்கும் ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கேன்."

குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தார். "காமிராவுக்கு எதுக்குட்டி ஜெபம்?"

"செத்துப் போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? சபையே சேந்து ஜெபிக்குமாம்."

"அது மிசினுட்டி!"

"மாவு மில்லுக்கு ஜெபிக்கலியா? லாரிக்கு ஜெபிக்கலியா?"

"எனக்கு இடுப்பு வலிக்கி. நான் வரல."

"அப்ப எல்லாரும் இங்கன வந்து ஜெபிப்பாக. ஐயா சொல்லிட்டாக."

வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்வார். கோயிலுக்குள் மட்டும் அவருக்கு நாக்குப் புரளாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றார். "படம் பிடிக்கப் போன இடத்துல ஆத்துல விழுந்தேன். கர்த்தர் காத்தார்" என்று சொல்லி அவசரமாக உட்காரப் போனார்.

"காமிராவைப் பத்தியும் சொல்லுங்க அப்பாத்துரை அண்ணாச்சி" என்றார் போதகர். "உங்க வீட்டம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க."

சபை முழுக்கத் திரும்பியது. அவர் சிலுவையைப் பார்த்தார். ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முக்காட்டுக்குள் ஒரு கண்ணை மட்டும் மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

"அது வந்து... முங்கினது நான் மட்டும்தான் ஐயா. காமிராவ ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டேன். அதுக்கு ஒரு கீறல்கூட இல்ல."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை. என் குரல் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டிருக்கும்.

வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"லில்லி மக கல்யாணத்துக்கு எத்தன பிலிம் ரோல் வாங்கணும்? அதையும் ஐயாகிட்ட சொல்லி வச்சிருக்கியா?"