கத்தரிக்காய்க்கும் மானம் பார்த்த அண்ணன்

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் மானம் இல்லாத பொருள் என்று ஒன்று கிடையாது. கத்தரிக்காய்க்கு மானம் உண்டு. ஆட்டோவுக்கு உண்டு. முனையில் படுத்துக் கிடக்கும் சொறிநாய்க்கும் உண்டு. அதைச் சொறிநாய் என்று நான் எழுதியது தெரிந்தால், அண்ணன் இந்நேரம் வாசலில் வந்து நின்றிருப்பார்.

எங்கள் வீட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் அவர். பெயர் யாருக்கும் தெரியாது. நேரில் கூப்பிட்டால் "அண்ணே", முதுகுக்குப் பின்னால் "மானநஷ்டம்".

அந்தச் சொல் பிரேசர் டவுனில் இருந்து வந்தது. அங்கே ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டைத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். வராந்தாவில் நிற்கும்போது உள்ளே பேசுவது காதில் விழும். புதுப் பாத்திரம் வாங்கினவர் எல்லாச் சமையலுக்கும் அதையே எடுப்பதுபோல, அவர் அந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் எடுத்தார். நான் ஏழாவதோடு நின்றவள். அர்த்தம் கேட்டேன்.

"பொருள் போனா திருட்டும்மா. நாலு பேர் முன்னாடி ஒருத்தர் பேரைக் கெடுத்தா மானநஷ்டம். பொருளைத் திருப்பி வச்சிடலாம். பேரை எங்க கொண்டுபோய் வைப்ப?"

அதற்கும் அவரே ஒரு வழி வைத்திருந்தார். எந்த இடத்தில் சொன்னாயோ அதே இடத்தில் நின்று, எவ்வளவு சத்தமாகச் சொன்னாயோ அவ்வளவு சத்தமாக வாபஸ் வாங்க வேண்டும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு ரசம் கழனித்தண்ணி" என்றார். எதிர்ப்பக்கம் இஸ்திரிப் பெட்டி நின்றது.

"சார்! மானநஷ்டம்! வாபஸ் வாங்குங்க!"

"வீட்டு ரசம்யா அது!"

"வீட்டு ரசத்தை ரோட்டுல தானே சொன்னீங்க?"

பஸ் போய்விடுமே என்று இவர், "சரி, நல்லா இருந்துச்சு" என்று முனகினார்.

"அந்தச் சத்தம் இல்லையே சார்."

"ரசம் நல்லா இருந்துச்சு!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு ஓடினார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. அன்று ராத்திரி இவருக்கு அப்பளம் பொரித்தேன்.

தள்ளுவண்டிக் காய்க்காரன் பாடுதான் பெரிய பாடு. நான் கத்தரிக்காயைச் சொத்தை என்று ஒதுக்க, அண்ணன் குரல் கொடுக்க, அவன் மிரண்டுபோய், "பதனேகாயிகூ மானா இதியா அண்ணா?" என்றான். கத்தரிக்காய்க்கும் மானம் உண்டா என்று கன்னடத்தில் கேட்கிறான்.

"அறுத்துப் பாக்காம சொன்னா, உண்டு!" என்றார் அண்ணன். அறுத்துப் பார்த்தோம். சொத்தைதான். "இப்ப சொல்லிக்கோம்மா" என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார்.

இப்படியே அவரைத் தெரு சிரிப்புக்கு வைத்துக்கொண்டது. ஆனால் ஒரே ஒரு வேலையில் அவர் வாயே திறக்க மாட்டார். எங்கள் மாரியம்மன் கோவிலில் ஆத்தாளுக்குச் சாத்திக் களைந்த பட்டுச் சேலைகளை அவர்தான் தேய்த்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். மஞ்சள் துணியில் மூட்டை கட்டி வண்டியின் கீழ்த்தட்டில் வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, புதுக் கரி போட்டு, அதற்குப் பிறகுதான் முடிச்சை அவிழ்ப்பார். மற்ற நாளில் விரல்கூட அதில் படாது.

அந்த ஆடியில், திருவிழாவுக்கு முந்தின வாரம், அம்மன் மூக்குத்தியைக் காணோம். பொன் மூக்குத்தி, சிவப்புக் கல். பூசாரியைத் தவிர, மாலை கொடுக்கக் கருவறை வாசல்வரை போய்வருகிறவள் பூக்கார ராணி ஒருத்திதான். புருஷன் போனபிறகு எங்கள் தெரு முனையில் அந்தக் கூடையை வைத்துத்தான் பிழைத்தாள். கோவில் கமிட்டித் தலைவர் யோசிக்கவேயில்லை. மைக் செட்டைப் போட்டார்.

"பூ கொண்டு வர்ற சாக்குல உள்ள வந்து போறவங்க, ஆத்தா மூக்குத்திய மரியாதையா வச்சிடணும்! யாருன்னு எங்களுக்குத் தெரியும்!"

எல்லோருக்கும்தான் தெரிந்தது. அதன்பிறகு ராணியிடம் ஒருத்தரும் பூ வாங்கவில்லை. கோவிலிலும் மாலையை வேறிடத்தில் சொல்லிவிட்டார்கள். கட்டின மல்லிகை கூடையிலேயே பழுத்தது. அவள் எழுந்து வீட்டுக்கும் போகவில்லை. போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் தலைவரிடம் போனார். "மானநஷ்டம்! அதே மைக்குல வாபஸ் வாங்குங்க!"

"போய்யா! கத்தரிக்காய்க்கு கேஸ் போடறவனெல்லாம் வந்துட்டான்!"

கூட்டம் சிரித்தது. அண்ணன் திரும்பி வண்டிக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணன் குளித்து, விபூதி பூசி, மூட்டையை அவிழ்த்தார். நானும் இவரும் சட்டை வாங்க நின்றிருந்தோம். முந்தானையைத் தடவினவர் கை நின்றது. சரிகையில் கொக்கி மாட்டிக்கொண்டு, சிவப்புக் கல் எங்களைப் பார்த்தது. பூசாரி அவசரத்தில் சேலையைக் களைந்தபோது கூடவே வந்திருக்கிறது. அவர் பக்தி பக்தி என்று தொடாமல் வைத்திருந்த மூட்டைக்குள்ளேயே ஆத்தாள் உட்கார்ந்திருந்திருக்கிறாள்!

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இவர் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. உண்டியல்ல போட்டுடுங்க. ஆத்தா பொருள் ஆத்தாகிட்ட போயிடும். உங்க பேரும் கெடாது" என்றார்.

அண்ணன் ராணி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார்.

"அவ பேரு?"

அவ்வளவுதான் கேட்டார். மூக்குத்தியை மஞ்சள் துணியில் ஏந்திக்கொண்டு கோவிலுக்கு நடந்தார். உச்சிப் பூஜைக் கூட்டம். மைக்கைப் பிடித்தார்.

"இஸ்திரிக்காரன் பேசறேன். ஆத்தா மூக்குத்தி என் வண்டிலதான் இருந்துச்சு. சேலையோட வந்திருக்கு, நான் பாக்கல. ராணி எடுக்கல. திரும்பச் சொல்றேன், ராணி எடுக்கல!"

அவர் போட்ட சத்தத்தில் மைக்கே கீச்சிட்டது. தலைவருக்கு வேறு வழியில்லை. அதே மைக்கில், கொஞ்சம் சத்தம் குறைவாக, வாபஸ் வாங்கினார். ராணி கூடையோடு உள்ளே வந்து, ஆத்தாள் முன்னால் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அன்று அவள் கட்டின மாலைதான் சாத்தினார்கள்.

ஆனால் தெரு வாய் சும்மா இருக்குமா? "எடுத்தவனே பயந்துபோய்க் கொடுத்துட்டான்" என்று ஆரம்பித்தது. பாதி வீட்டுத் துணி மெயின் ரோட்டு லாண்டரிக்குப் போனது. இப்போது கத்துவார், அப்போது கத்துவார் என்று நான் காத்திருந்தேன். என் வீட்டு ரசத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தின மனுஷன், தனக்காக அந்தச் சொல்லை ஒருதரம்கூட எடுக்கவில்லை. தலையைக் குனிந்து தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு சாயங்காலம் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, இன்னிக்கு எந்தச் சாமி நகை மாட்டுச்சு?" என்றார். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் அடுத்த சட்டையை விரித்தார். முனையில் பூக்கூடை தடாலென்று கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"யோவ்! மானநஷ்டம்! அங்கயே நில்லு! வாபஸ் வாங்கு!"

ராணிதான். இடுப்பில் கை வைத்து, ரோட்டை மறித்து நின்றாள். ஆட்டோக்காரர் வாபஸ் வாங்கினார். "அந்தச் சத்தம் இல்லையே" என்றேன், வாசலில் இருந்து நானும். அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கரிச்சூடு என்றார்.

இப்போது பொம்மனஹள்ளியில் மகன் வீட்டோடு இருக்கிறார். முழங்கால் வலியாம். ஆடி வெள்ளிகளில் அவருக்காக ஒரு அர்ச்சனை செய்கிறேன். முதல்முறை பூசாரி, "பேரு, நட்சத்திரம்?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லையே என்று.

"பேரு மானநஷ்டம்ங்க" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு, ஆத்தாள் மூக்குத்தி பக்கம் திரும்பி, அந்தப் பெயரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.