சாமிக்கு சி ஷிப்ட்

ஒரு நூலை நிராகரிப்பதானால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதுவும் உரிய காலத்துக்குள். இது விதி. நிராகரிக்கும் முன் நூலைப் படிக்க வேண்டும் என்று விதி இல்லை. அதையும் எழுதித் தொலைக்க வேண்டிய காலம் வரும் என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ‘சி ஷிப்ட்’டைப் போல இன்னொரு பிறவி இனிப் பிறக்கப்போவதில்லை. எல்லோரும் பயந்து ஓடும் இரவுப் பணியை வலியக் கேட்டு வாங்கியதால் அந்தப் பெயர். பகலில் குழந்தைகளுக்கு நாவல் எழுதினார். எப்போது தூங்கினார் என்பது அவர் மனைவிக்கே தெரியாது.

அந்த நாவல் தொடரின் பெயர் ‘மூணு ஷிப்ட் காடு’. அதில் விலங்குகள் எல்லாம் ஷிப்டில் வேலை பார்க்கும். மான்களுக்கு முதல் ஷிப்ட். கரடி தரக்கட்டுப்பாடு, எதை நீட்டினாலும் முகர்ந்துவிட்டு ‘ரிஜெக்ட்’ என்று தள்ளும்.

“புலி ஏங்க இன்னும் வரவேயில்லை?” என்று டீக்கடையில் கேட்டேன்.

“அது மேனேஜர் சார். மீட்டிங்ல இருக்கும்.”

யானைகள் மட்டும் அவரைப் போலவே சி ஷிப்ட். கர்நாடகத்தில் “ஊட்டா ஆய்த்தா?” என்று விசாரித்துப் புறப்படும், எல்லை தாண்டியதும் “சாப்ட்டாச்சா?” என்று மாற்றிக்கொள்ளும். ஆனால் தொடர் முழுக்க யானை என்ற சொல்லே கிடையாது. ‘சாமி’தான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரக் கிராமம் அவருடையது. அங்கே பெயரைச் சொன்னால் வந்துவிடும். டீக்கடைக்காரர் ஒருநாள் தக்காளி யானை விலை என்றதற்கு, டம்ளரை வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தவர் இவர்.

அவர் மகள் ஊர்ப் பள்ளியில் படித்தாள். ‘எங்கப்பா புக்கு எழுதறாரு’ என்றால் வகுப்பே சிரிக்குமாம்.

“ஸ்கூல் அலமாரில இருந்துட்டா போதும் சார். பாப்பா எடுத்துக் காட்டிக்கும்.”

பள்ளிகளுக்கு நூல் தேர்வு செய்யும் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். பதிலே இல்லை. நானும் கூடப் போனேன்.

“பக்தி நூலெல்லாம் எடுக்கறதில்லைங்க” என்றார் அதிகாரி.

“எந்தப் பக்கத்தில் பக்தி?”

“எல்லாப் பக்கத்துலயும் சாமி சார்! அதுவும் சாமி ராகி திருடுது. பிரச்சினை ஆயிடும்.”

“அது யானைங்க.”

“அப்ப யானைன்னே மாத்திக் குடுங்க. நாளைக்கே எடுத்துக்கறோம்.”

சி ஷிப்ட் காதைப் பொத்திக்கொண்டார். “பசங்க சத்தமா படிப்பாங்க சார். ஊருக்குள்ள வந்துரும்.”

மேல்முறையீடு எழுதினேன். நினைவூட்டினேன். நினைவூட்டியதை நினைவூட்டினேன். வாழ்நாளெல்லாம் கோப்பு நகர்த்தியவன் நான். தாமதம் எது, திமிர் எது என்று எனக்குத் தெரியும். வரி சேர்த்துப் படிக்கச் சோம்பல்பட்ட ஒருவர் ஒரு குழந்தையின் பள்ளிக்கூட வருஷத்தைத் தின்றுகொண்டிருந்தார். ராகி தின்ற சாமி செய்தது அதைவிடச் சின்னத் திருட்டு.

பிறகு அந்த அதிகாரி காட்டோரப் பள்ளி ஒன்றுக்கு ஆய்வுக்குப் போனார். நடந்ததை ஓட்டுநரே என்னிடம் சொன்னார். வழியில் ஜீப்பைச் சட்டென்று நிறுத்தி, “சாமி சார், சாமி!” என்று ஓட்டுநர் கத்த, அதிகாரி கும்பிடுவதற்கு இறங்கிவிட்டார்.

அடுத்து வந்தது பதில்: ‘சாமி என்பது இவ்வட்டாரத்தில் வனவிலங்கையும் குறிக்கும் என்பது நேரில் அறியப்பட்டதால், நூல்கள் ஏற்கப்படுகின்றன.’

சி ஷிப்டுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அடி கிடி பட்டுச்சா சார்?”

“ஓடினதுல முட்டியில சிராய்ப்பாம்.”

“அய்யய்யோ, சாமிக்கா?”

இப்போது நானும் பேச்சில் அந்தப் பெயரைத் தவிர்த்து ‘சாமி’ என்றே சொல்கிறேன். இருட்டும் நேரத்தில் காட்டோரமாக நடந்து பஸ் பிடிக்கிறவர் அவர்.

பதில் வந்து சேர்ந்த தேதியையும் சொல்லிவிடுகிறேன்: அவர் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அந்தப் பள்ளியை விட்டு வந்த நாள்.