மாமனாரை நடக்கக் கூட்டிப்போன கதை

நடப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நான் சொன்னபோது எனக்கு வயது இருபத்தொன்பது. அதுவரை நான் ஒரே மூச்சில் நடந்த அதிகபட்சத் தூரம், பைக்கை நிறுத்திய இடத்திலிருந்து கடை ஷட்டர் வரை உள்ளதுதான். நாலு கடை தள்ளி டீ குடிக்கப் போகணும் என்றாலும் பைக்கை உதைப்பேன். எதிர்க்கடை அண்ணாச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இவன் காலு ரெண்டும் இன்னும் பேக்கிங் பிரிக்காத சாமான்லே" என்பார். (அவர் வாயிலிருந்து விழுகிறதை எல்லாம் பொறுக்கி வைத்திருக்கிறேன். தனியாக ஒரு மூட்டை சேரும்.)

அப்படிப்பட்டவன் அந்தப் பொய்யைச் சொன்னது ஜெயந்திக்காக. கோவில்பட்டிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். காபி கொடுத்துவிட்டு அந்தப் பெண் என்னைப் பார்த்து, "கடை சாத்துனதுக்கு அப்புறம் என்ன செய்வீங்க?" என்று கேட்டது. எனக்குத் தெரிந்து பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையிடம் யாரும் கேட்காத கேள்வி. சாப்பிட்டுத் தூங்குவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு கேள்விக்கே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. "நடப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவளுடைய அப்பா நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"முப்பது வருசமா கடைசிப் பெட்டில நின்னு ஊரு பூராவும் பாத்தாச்சு தம்பி. ஒரு கண்மாய் வரும், ஒரு பழைய மண்டபம் வரும். அது என்ன ஏதுன்னு யோசிக்கதுக்குள்ள சின்னதாப் போயி, புள்ளியாப் போயி, காணாமப் போயிரும். இப்பம் எனக்கு ஒரே ஆசைதான். அதையெல்லாம் நடந்து போயி, நின்னு பாக்கணும்."

"சங்கரன்கோவிலச் சுத்தி நான் நடக்காத கண்மாய்க்கரையே கிடையாது மாமா."

இதைச் சொன்னதும் நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

"அப்பம் வாற ஞாயித்துக்கிழமை நாங்க வாறோம்" என்றார் அவர். அவருடைய அக்கா அங்கே இருந்தார். அந்த அத்தை தலையாட்டாமல் அந்த வீட்டில் பால்கூடப் பொங்காது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லதுதான். கூட நடந்து பாத்தா ஆளு எப்படின்னு தெரிஞ்சிரும். ஜெயந்தியும் வரட்டும். அன்னைக்குச் சாயந்தரமே பதில் சொல்லிருதோம்" என்றார்.

ஆக, ஒரு நடையில் என் கல்யாணம் தொங்கியது.

எங்கள் கடை துண்டு, வேட்டி, லுங்கி விற்கிற கடை. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் இருந்து துண்டு எடுக்க ஒரு வாடிக்கைக்காரர் வருவார். அவரைப் பிடித்து உட்காரவைத்து, குளிர்ச்சியாக ஒன்று வாங்கிக் கொடுத்து, லேசாக நடக்கிற மாதிரி, கண்மாயும் மரமும் பழைய கல்லும் உள்ள ஒரு பாதை கேட்டேன்.

"அது சோலி இல்லாத வேலைல்லா அண்ணாச்சி. பஸ்ஸ விட்டு எறங்குனா கண்மாய்க்கரை. கரையோட போனா மடை. மடையில எறங்குனா உடங்காடு. காட்டத் தாண்டுனா கல்மண்டபம். உள்ள ஒரு பிள்ளையாரு, சுவத்துல என்னமோ எழுதிருக்கு. இந்தா இங்கனதான். கண்ண மூடிக்கிட்டுப் போலாம்."

பில் புத்தகத்தின் பின்னால் எழுதி, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்தேன். நேரில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். பைக்கில் போனால் பத்து நிமிஷம். தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா, "பிள்ளையாரு இருக்க எடத்துக்கு வெறுங்கையோட போகாத" என்றாள். எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். சின்ன மாலை வாங்கினால் மாமா என்னைக் கஞ்சன் என்று நினைத்துவிடுவாரே என்று, தொங்கியதிலேயே பெரிய ரோஜா மாலையை இறக்கச் சொன்னேன். என் நெஞ்சிலிருந்து முட்டி வரைக்கும் வந்தது. பூக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டு வாழையிலையில் சுருட்டிக் கொடுத்தார். அவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மரியாதையாக இருக்கட்டும் என்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாமாவும் அதே. அத்தை வெளுத்த நூல் சேலை. ஜெயந்தி மட்டும் விவரமாக ஒரு சுடிதாரும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். என் காலில் அன்றைக்குத்தான் பிரித்த தோல் செருப்பு.

தை மாதம். கண்மாய் நிறைந்து கிடந்தது. கரைமேல் ஏறினதும் மாமா அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் நடுவே கருவேல மரங்கள் இடுப்பளவு முங்கி நின்றன. ஒவ்வொரு கொம்பிலும் நீர்க்காகம் சிறகை விரித்துத் துணி காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. "பாத்தியாக்கா, ஓடாம நிக்கி" என்றார் மாமா. கண்மாய் எங்கேயும் ஓடப்போவதில்லை. ஆனால் அவர் சொன்னபோது ஏதோ அது அவருக்காகவே நின்ற மாதிரி இருந்தது.

அரை மைல் போவதற்குள் என் குதிகால் இரண்டும் பொத்துவிட்டன. பேச்சு நின்றுபோயிற்று. வலியில் முகம் இறுகி, மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நான் முன்னால் போக, மற்ற மூன்று பேரும் வரிசையாகப் பின்னால் வந்தார்கள். அத்தைக்கு மூச்சு வாங்கியதால் அவரும் பேசவில்லை. நாங்கள் பார்க்க எப்படி இருந்திருப்போம் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டார். "நேராப் போங்க அண்ணாச்சி. ஆளுகள்லாம் அங்கனதான் இருக்கு."

"தெரியும் தெரியும்" என்றேன்.

மாமாவுக்கு ஆச்சரியம். "மண்டபத்தப் பாக்க அவ்வளவு பேரு வாராங்களா தம்பி?"

"ஞாயித்துக்கிழமைன்னா வரும் மாமா."

கொஞ்ச தூரத்தில் ஒரு மடை வந்தது. மடையில் இறங்கணும் என்பதுதானே பாடம்? இறங்கினேன். ஒரு கண்மாய்க்கு எத்தனை மடை இருக்கும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கீழே உடங்காடு இருந்தது, அதனால் நம்பிக்கையோடு நுழைந்தேன். குடை விரித்த மாதிரி உடை மரங்கள், வெள்ளைப் பூ, கீழே முழுக்க முள். முள்ளுக்கு என் செருப்பு ஒரு பொருட்டே இல்லை. ஜெயந்தி பின்னாலிருந்து, "இந்தப் பாதையில அடிக்கடி வருவீங்களா?" என்றாள்.

"வாரம் ஒருக்கா."

"முள்ள மிதிச்சே பழகிட்டீங்க போல" என்றாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புல்லுக்கட்டோடு ஒரு அம்மா எதிரே வந்தார். மாலையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "பொம்பளையாளும் வந்தியளே, நல்லது தாயி. வெயிலுக்கு முந்திப் போய்ச் சேருங்க" என்று ஒதுங்கி வழிவிட்டார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு எவ்வளவு பண்பு என்று மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். காட்டின் மறுபக்கம் மேளச் சத்தம் கேட்டது. "பிள்ளையாருக்குப் பூசை மாமா."

அத்தை நின்றார். "ஏலே, இது பூசைக்கு அடிக்க அடி இல்லையே."

"இங்க அப்படித்தான் அத்த அடிப்பாங்க."

காட்டை விட்டு வெளியே வந்தால் ஒரு தெரு. தெரு நடுவே பந்தல், பந்தல் நிறையப் பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாரும் எங்களைப் பார்த்து எழுந்தார்கள். வாசலில் நின்ற நாலைந்து ஆண்கள் கையை நீட்டினார்கள். துட்டி வீட்டு, அதாவது சாவு வீட்டு, வாசலில் கை நீட்டினால் நம் கையும் தானாக நீண்டுவிடும். மூளைக்குச் சேதி போவதற்குள் நான் அத்தனை பேர் கையையும் தொட்டு முடித்திருந்தேன். மாமாவும் தொட்டிருந்தார். யாரோ என் கையிலிருந்த மாலையை வாங்கி, உள்ளே நாற்காலியில் உட்காரவைத்திருந்த ஒரு பெரியவர் கழுத்தில் போட்டார். தொண்ணூறைத் தாண்டின உடம்பு. அன்றைக்கு அவருக்கு விழுந்த மாலைகளில் அதுதான் பெரிசு.

திரும்பிப் போக வழியில்லை. கை தொட்டாகிவிட்டது. இனி உட்காராமல் போனால் அது அந்த வீட்டுக்கு அவமரியாதை.

அத்தையைப் பெண்கள் கூட்டம் இழுத்துக்கொண்டது. கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களிடம் 'நான் கல்மண்டபம் பார்க்க வந்தவள்' என்றா சொல்ல முடியும்? ஒரு நிமிஷம் திகைத்தவர், பிறகு மாரில் அடித்துக்கொண்டு, "போயிட்டீகளே... எங்கள விட்டுப் போயிட்டீகளே..." என்று எடுத்தார். செத்தது ஆணா பெண்ணா என்று அவர் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லையாம். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரியே கடைசி வரைக்கும் அழுதார். நடு நடுவே கைச்சந்து வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒப்பாரி தேவையில்லை.

பெரியவரின் மூத்த மகன் வந்து எனக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். "அண்ணாச்சி எங்கிருந்து?"

"சங்கரன்கோவில். ஜவுளிக்கடை."

"அதான பாத்தேன். அப்பா வேட்டி எடுக்கணும்னா அங்கதான் வருவாரு. உங்க கடைக்கு வந்திருப்பாரே?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். "அடிக்கடி வருவாரு. தங்கமான மனுசன்" என்றேன்.

அவர் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா எப்பம் வந்தாரு?"

"இந்தத் தீவாளிக்குக்கூட வந்தாரே. எட்டு முழ வேட்டி ரெண்டு எடுத்தாரு."

அவர் என் கையை விட்டார். பக்கத்து நாற்காலிகள் எங்கள் பக்கம் திரும்பின. "அப்பா பன்னெண்டு வருசமாப் படுக்கையில கிடந்தாரு" என்றார் மெதுவாக.

மாமா என்னைப் பார்த்தார். வாசல் பக்கம் நின்ற ஜெயந்தியும் பார்த்தாள். என் கல்யாணம், பேசி முடிக்கும் முன்பே அந்தப் பெரியவரோடு சேர்ந்து கிளம்பத் தயாராகிவிட்டது என்று புரிந்தது. இனிமேல் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்றதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்தது.

"எனக்கு உங்க அப்பாவத் தெரியாது" என்றேன். "இந்த ஊரும் தெரியாது. கல்மண்டபத்தப் பாக்க வந்தோம். எனக்கு வழி தெரியல. மாலை பிள்ளையாருக்கு வாங்குனது. இவங்க எனக்குப் பொண்ணு குடுக்கலாமா வேண்டாமான்னு பாக்க வந்தவுக. எனக்கு நடக்கவே பிடிக்காது."

கடைசி வரியை யாரும் கேட்கவில்லை, தானாக வந்தது.

அந்த மகன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் எழுந்தேன். துண்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் தம்பிக்குத் தொற்றியது, அப்புறம் பந்தல் முழுக்க. உள்ளே பெண்கள் அழுகையை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள்.

"இரும்வே, எங்க போறீரு?" என்று என் தோளை அமுக்கி உட்காரவைத்தார் அவர். "பெரிய மாலையா வாங்கி வராத பயலுக்கெல்லாம் சொந்தம்னு பேரு. நீரு வழிதெரியாம வந்து போட்டுட்டீரு. இனி எடுக்க வரைக்கும் இருந்துதான் போகணும். உம்ம மண்டபமும் சுடுகாட்டுப் பாதையிலதான் இருக்கு."

அப்படித்தான் நானும் மாமாவும் வெடிச் சத்தத்துக்கு நடுவே, மேளத்துக்குப் பின்னால் அந்த மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர்வலம் திரும்பும் இடத்தில் மாமா நைசாக விலகினார். தூண்களைத் தடவினார், சுவரிலிருந்த எழுத்தில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். ஒரு எழுத்தும் அவருக்குப் புரியவில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தேன்.

காரியம் முடிந்து கண்மாயில் முங்கிவிட்டு, ஈர வேட்டியோடு பஸ்ஸுக்கு நின்றோம். அத்தை தீர்ப்பை எழுதியே வைத்திருந்தார். "பொண்ணு கேட்ட வீட்டுக்காரங்களத் துட்டிக்குக் கூட்டிட்டுப் போனவன உலகத்துல இன்னைக்குத்தான் பாக்கேன். சகுனம்னு ஒண்ணு இருக்கு. இது வேண்டாம் தம்பி."

மாமா மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுதே?"

ஜெயந்தி ஷூவிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "வாரம் ஒருக்கா வருதேன்னு சொன்னப்பவே தெரியும்ப்பா. பொய் சொன்னா அஞ்சு நிமிசத்துல மாட்டிக்கிடுத ஆளு. இந்தக் காலத்துல அப்படி ஒருத்தர் கிடைக்கது வசதிதான."

மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை, ஆனால் என் பக்கம் அவருடைய தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அதுதான் எனக்கு நிச்சயதார்த்தம்.

கல்யாணத்துக்கு அந்தத் துட்டி வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கியது. "எங்க கெட்டதுக்கு நீங்க வந்தீக, உங்க நல்லதுக்கு நாங்க வராம இருப்போமா?" என்று மூத்த மகன் கல்யாண மண்டபத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தார். எந்த வழி உறவு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அத்தை, "மடை வழி" என்று பதில் சொன்னார். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் காதுகுத்து என்றால் எங்களுக்குப் பத்திரிகை வரும். மாமா அங்கே போனால் இரண்டு நாள் தங்கி, கரை கரையாக நடந்துவிட்டுத்தான் திரும்புவார்.

இப்போது எனக்குச் சர்க்கரை. தினமும் முக்கால் மணி நேரம் நடந்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நடந்துட்டு வாரேன்" என்று குரல் கொடுப்பேன். எங்கள் மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள், "யாரு வீட்டுக்குப்பா?"

அடுப்படியிலிருந்து ஜெயந்தி சொல்லுவாள்: "போயிட்டு வாங்க. குளிக்க வெந்நி போட்டு வைக்கேன்."