சூப் அக்கா இழுத்த கயிறு

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் எதிரே பேசவே நா எழாது. பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததைப் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். சூப் அக்காவைப் பற்றி வேறு யாரும் எழுதவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

எண்பதுகளில் எங்கள் ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் முட்டி வலி என்று யாரும் சொன்னதில்லை. வலி இல்லாமல் இல்லை. சொன்னால் சூப் அக்கா வந்துவிடுவார். கையில் தூக்கு, தூக்கில் ஆட்டுக்கால் சூப். ஓடுகிறவர், நடக்கிறவர், சைக்கிள் மிதிக்கிறவர் எல்லாருக்கும் எலும்பில் தெம்பு வேண்டும் என்பது அவர் கட்சி. அவருக்குப் பயந்து தபால்காரர் எங்கள் தெருவை மட்டும் ஓட்டமாகக் கடப்பார். "சூப்பு வேலை செய்யுது பாரு" என்பார் அக்கா.

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் என்னையும் வாசலில் மடக்கினார்.

"இன்னாம்மா, நடந்தா முட்டி சத்தம் போடுது?"

"அது கொலுசுக்கா."

"கொலுசுக்கு உள்ள கேக்குது. குடி."

நாங்கள் சைவம் என்றேன். "அய்ய, எலும்பு எப்படித்தான் நிக்குதோ" என்று உச்சுக்கொட்டினார். மறுவாரமே எனக்கென்று புதுத் தூக்கு வாங்கி, முருங்கைக்கீரை சூப் கொண்டுவந்தார்.

தொழிற்சாலை விளையாட்டு விழாவில் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி உண்டு. எங்கள் தெரு அதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அந்த வருஷம் அக்கா வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகிறார். வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"ஒரே ஒரு வாட்டி ஜெயிச்சுட்டுப் பூட்றேண்டி" என்று எங்கள் எல்லாரையும் சூப்பில் ஊற வைத்தார். அவர் மட்டும் ஒரு வாய் குடிக்கவில்லை. தவக்காலம். ஈஸ்டர் வரை கவிச்சி தொடமாட்டார்.

"நீங்க ஒண்ணும் குடிக்காம எப்படிக்கா இழுப்பிய?"

"கயித்துல கடைசி ஆளா ஆண்டவர் நிப்பாரு, போ."

எனக்கு மனசு கேட்கவில்லை. பிரண்டையும் எலும்புக்கு நல்லது என்பார்கள். போட்டியன்று வேலியில் படர்ந்திருந்ததைப் பறித்துத் துவையல் அரைத்தேன். அவசரத்தில் சரியாக வதக்கவில்லை, புளியும் போதவில்லை. அக்கா ஆசை ஆசையாய்க் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

மைதானத்தில் கயிற்றைப் பிடித்தோம். எல்லாரும் சேர்ந்து இழுக்க அக்காதான் குரல் கொடுக்க வேண்டும். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தொண்டை முழுக்கப் பிரண்டை அரிப்பு.

"இன்னா யக்கா, சூப்பு தீந்துபோச்சா?" என்றாள் எதிரணியில் ஒருத்தி. கயிறு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அக்கா ஒரு கையால் தொண்டையைத் தேய்த்தபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நீ கத்து என்று அர்த்தம்.

என் அம்மாகூடக் கேட்டிராத குரல் ஒன்று எனக்குள்ளிருந்து வந்தது. "ஏலேலோ" என்று நான் கத்த, எங்கள் தெரு "ஐலசா" என்று குதிகாலை ஊன்றி இழுத்தது. எதிரணி மொத்தமும் கோட்டைத் தாண்டி எங்கள் காலடியில் வந்து விழுந்தது.

பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடத்தை அக்கா என் இடுப்பில் வைத்துவிட்டு, பேச முடியாமல் என் கன்னத்தைக் கிள்ளினார். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிக் கத்தியதில்லை.

மறுநாள் அவருக்குக் குரல் வந்துவிட்டது. துவையல் கிண்ணத்தைக் கழுவி, அதில் முருங்கைக்கீரை சூப் ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.