மாப்பிள்ளை மோரிஸின் டியூப் இல்லாத டயர்

புக்கிட் செலம்பாவ்,
ஞாயிறு மத்தியானம், 1986.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய கிளாரன்ஸ் மச்சான் அவர்களுக்கு, தங்கை புருஷன் ஏசுதாசன் எழுதிக்கொள்வது. புக்கிட் மெர்த்தாஜாம் கோவில் புனித அன்னம்மாள் தயவில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் 'எல்லோரும்' என்று எழுத வீட்டில் ஆள் இல்லை. மகள் கேதரின் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை மோரிஸ் போட்டிக்குப் போய்விட்டார். உங்கள் தங்கை லூர்து மேரி, சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு உங்கள் ஜித்ராவைத் தவிர வேறு ஊர் தெரியாது என்பது நீங்கள் அறிந்ததே. இந்நேரம் அவள் உங்களிடம் எல்லாவற்றையும் தன் பக்கமாகவே சொல்லி முடித்திருப்பாள். ஆகவே என் பக்கத்தையும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மச்சான், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது நீங்கள். குறையாகச் சொல்லவில்லை. "பையன் தங்கம், வாயே திறக்கமாட்டான்" என்று சொன்னீர்கள். உண்மைதான், வாயை மட்டும் திறக்கமாட்டார். மற்றபடி இஞ்சினைத் திறப்பார், கார்புரேட்டரைத் திறப்பார், என் மருந்துப் பெட்டியைத் திறப்பார். கேதரினுக்கு மாதம் ஏறிவிட்டதால் தம்பதிகள் எங்களோடு வந்து இருக்கட்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். ஆனால் கூடவே அந்த மோட்டார்சைக்கிளும் வந்து சேரும் என்று யார் கண்டது? அதில் உட்கார சீட்டே கிடையாது. நின்றுகொண்டேதான் ஓட்டவேண்டுமாம். வேகமாக ஓடுகிற போட்டி என்றாலாவது புரியும், இது நத்தை வேகத்தில் பாறை மேலும், விழுந்த மரத்தின் மேலும், ஆற்றுக்குள்ளும் போகிற போட்டி. காலைத் தரையில் ஊன்றினால் புள்ளி போய்விடும். "ஏன் மாப்பிள்ளை, பக்கத்திலேயே நல்ல ரோடு இருக்கே?" என்று ஒருநாள் கேட்டேன். "ரோட்டுல யாரு வேணும்னாலும் போவாங்க மாமா" என்றார். அதற்கு மேல் மாப்பிள்ளையிடம் என்ன பேசுவது? சொந்த மகன் என்றால் காதைத் திருகலாம்.

விஷயம் பின்சக்கரத்து டயரில் ஆரம்பித்தது. பழையது தேய்ந்துவிட்டது என்று மாப்பிள்ளை பினாங்கிலிருந்து புது டயர் கொண்டுவந்தார். அதைப் போட்டுத் தரச் சொல்லி டவுனில் மோட்டார்சைக்கிள் கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் போனோம். தவுக்கே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், எங்களையும் சுற்றிப் பார்த்தார். டியூப் எங்கே என்றார். டியூப் கிடையாது, டயரே காற்றைப் பிடித்துக்கொள்ளும் என்றார் மாப்பிள்ளை. "தா போலேலா!" என்று மலாயில் சொல்லி, முடியாது என்று தவுக்கே கையை விரித்துவிட்டார். கம்பி போட்ட சக்கரத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது, டியூப் இல்லாவிட்டால் அத்தனை ஓட்டை வழியாகவும் காற்று வெளியே போகும் என்பது அவர் வாதம். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. "பேசாமல் டியூபையே போட்டுவிடலாமே மாப்பிள்ளை" என்றேன். "மாமா, நாங்க காத்தைக் கொஞ்சமாத்தான் வைப்போம். அப்பத்தான் டயரு பாறையை நல்லாக் கவ்வும். அந்த மாதிரி வச்சா பாறைக்கும் ரிம்முக்கும் நடுவுல டியூப் மாட்டிக் கிழிஞ்சிரும்லா. வீட்டுலயே போட்டுக்கலாம், வாங்க" என்றார். அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் வந்ததை நான் கேட்டதேயில்லை. அதில் மயங்கித்தான் சரி என்று தலையாட்டினேன்.

பழைய டயரைக் கழற்றியதைப் பற்றி நான் சுருக்கமாகவே எழுதுகிறேன். அதன் விளிம்பு ரிம்மோடு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. மாப்பிள்ளை மிதித்தார், நான் மிதித்தேன், இருவரும் ஒருவரை ஒருவர் தோளில் பிடித்துக்கொண்டு சேர்ந்து மிதித்தோம். அந்த வழியாகப் போன தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஏதாவது விசேஷமா என்று கேட்டார். கடைசியில் உலக்கையைக் கொடுத்து நெம்பினோம். டயர் வந்தது, உலக்கை போனது. லூர்து மேரி பின்கதவில் நின்று பார்த்தாள். "பரவாயில்ல மாப்பிள்ளை, கை வலிக்கப் போகுது, காப்பி குடிங்க" என்றாள். மாப்பிள்ளைக்குக் காப்பி வந்தது. உலக்கையைப் பற்றி என்னிடம் தனியாக விசாரணை நடந்தது.

டயரைக் கழற்றிய பிறகுதான் உண்மையான வியாதி தெரிந்தது. கம்பி ஓட்டைகளை எல்லாம் மூடுவதற்காக ரிம்முக்குள் சுற்றிலும் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது, அது காய்ந்து வெடித்திருந்தது. புதுப் பட்டை ஜப்பானிலிருந்து வரவேண்டுமாம், போட்டியோ ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை அந்தப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார், சாப்பிடக்கூட வரவில்லை. மச்சான், எனக்கு மனசு கேட்கவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவன் நான். கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி பட்டு வந்தவர்கள் எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டிருப்பேன்! ஓட்டையை அடைப்பது எனக்குத் தெரியாத தொழிலா? "நகருங்க மாப்பிள்ளை" என்று சக்கரத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஓட்டையையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பிளாஸ்திரி வெட்டி ஒட்டினேன். பார்க்க மிக அழகாக இருந்தது. சோதனைக்காகக் கம்பிப் பக்கமிருந்து பம்பால் காற்று அடித்தோம், பிளாஸ்திரி எல்லாம் வரிசையாக உப்பிக்கொண்டு எழுந்தன. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு மறுபடியும் துடைத்தேன். அடுத்ததாக, மீன் தொட்டிக் கண்ணாடி ஒட்டுகிற பசையை மாப்பிள்ளை வாங்கிவந்தார், அதை ஒவ்வொரு ஓட்டையின் தலையிலும் பொட்டு வைப்பதுபோல் வைத்தேன். அது காய்ந்ததும் பழைய லாரி டியூபை நீளமாகப் பட்டையாக வெட்டி, மேலே இறுக்கிச் சுற்றி ஒட்டினோம். அன்று முழுதும் யாரையும் நான் சக்கரத்தின் பக்கம் விடவில்லை. லூர்து மேரி கூட்டுமாற்றை எடுத்துக்கொண்டு வந்தபோது, தூசி படும் என்று விரட்டிவிட்டேன். எங்கள் கல்யாண நாள் அது என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. இதை உங்களிடம் நானே சொல்லிவிடுவது நல்லது.

நேற்று சாயங்காலம் புது டயரை ஏற்றினோம். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது, அதுவரை சுலபம். ஆனால் டயரின் விளிம்பு ரிம்மில் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்தால்தான் காற்று நிற்கும். கால் பம்பில் மாப்பிள்ளை அடிக்க அடிக்கக் காற்று ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், அவருடைய கம்ப்ரசரைத் தள்ளிக்கொண்டு வந்தோம். பக்கிரிசாமிதான் துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து, டயரைச் சுற்றிக் கட்டி, குச்சி விட்டு முறுக்கச் சொன்னார். நடுவில் இறுக்கினால் ஓரங்கள் விரிந்துபோய் ரிம்மைத் தொடும் என்றார். யோசனை நல்லதுதான். நேரம்தான் நல்லதில்லை. அதே நேரத்தில் முன்கூடத்தில் லூர்து மேரி நடத்துகிற ஜெபமாலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கோவில் பாட்டுக்குழு அம்மா குணவதி தெரேசா நடுவில் முழங்காலில் இருந்தார். நாங்கள் பின்னால் சத்தம் போடாமல்தான் வேலை செய்தோம். காற்று ஏறியது, டயர் முனகியது. "இன்னும் கொஞ்சம், மாமா, கிட்ட நிக்காதீங்க" என்றார் மாப்பிள்ளை. நான் கயிற்றை விட்டுவிட்டு விலகினேன்.

டமார்! உடனே இன்னொரு டமார்! இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. நான் சந்தோஷத்தில் "அல்லேலூயா!" என்று கத்திவிட்டேன். முன்னால் பார்த்தால் ஜெபமாலைக் கூட்டம் கலைந்து ரோட்டில் நிற்கிறது. குணவதி தெரேசா அம்மா எங்கள் முருங்கை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். காஸ் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று யாரோ சொல்லி, தெருக்கோடியிலிருந்து ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, எங்கும் எதுவும் எரியாததால் அதை என் மேல் ஊற்றிவிட்டார். லூர்து மேரி திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவளோ எல்லோருக்கும் பிஸ்கட் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

இன்று காலை காற்றுச் சோதனை. பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பிச் சக்கரத்தை முக்கிப் பார்த்தோம், ஒரு குமிழியும் வரவில்லை. எனக்குத் திருப்தி இல்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுத்து ரிம்மில் வைத்து ஒவ்வொரு கம்பியாகக் கேட்டேன். "எப்படி இருக்கு மாமா?" என்றார் மாப்பிள்ளை. "மூச்சே இல்லை" என்றேன். டிரஸ்ஸர் வாழ்க்கையில் அந்த வார்த்தையைச் சந்தோஷமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. பக்கிரிசாமியின் வேனில் மோட்டார்சைக்கிளை ஏற்றி, போட்டி நடக்கிற பாடாங் மேஹாவுக்கு அனுப்பிவிட்டு, கம்ப்ரசரை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, துடைத்து வைத்துவிட்டு உள்ளே வந்தால் உங்கள் தங்கை இல்லை. பையும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றதைப் பார்த்ததாக எதிர்வீட்டில் சொன்னார்கள்.

மச்சான், அதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. நடக்கிறேன், வாசலுக்கு வருகிறேன், மறுபடியும் இதை எழுதுகிறேன். அவளுடைய கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் பசையை வைத்தது என் கை. அவர் பாறை உச்சியில் நிற்கும்போது அது விட்டுவிட்டால்? நானும் வருகிறேன் என்று கிளம்பி, கண்ணால் பார்க்கத் தைரியமில்லாமல் வேனிலிருந்து இறங்கிவிட்டேன். கேதரின் டியூட்டிக்குப் போகும்போது, "அப்பா, நீங்க ஒட்டினதுதானே, பிடிக்கும்லா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகவே என் வேண்டுகோள்: தங்கைக்கு நல்ல வார்த்தை சொல்லி கடிதம் கண்டதும் முதல் பஸ்ஸிலேயே அனுப்பிவையுங்கள். மாப்பிள்ளைக்கும் நீங்கள் ஒரு கடிதம் போட்டு, பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் இந்த மோட்டார்சைக்கிளை விற்றுவிடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் முழங்கால் வலிக்கு நான் சொன்ன எண்ணெயைத் தேய்க்கிறீர்களா? கர்த்தர் உங்கள் வீட்டுக்கு என் வீட்டைவிட அதிக அமைதியைக் கொடுப்பாராக.

இப்படிக்கு,
ஏசுதாசன்.

பின்குறிப்பு: மச்சான், தங்கையை அனுப்பவேண்டாம். அவள் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதாகப் படித்து, அங்கே வரவில்லையே என்று பயந்திருப்பீர்கள், மன்னிக்கவும். சாயங்காலம் பக்கிரிசாமி வேனிலிருந்து இறங்கினாள், முழங்கால் வரை சேறு. பாடாங் மேஹாவுக்குத் தனியாக பஸ் ஏறிப் போயிருக்கிறாள். பையில் இருந்தது மாப்பிள்ளைக்குப் புளிச்சோறு. "சொல்லிட்டுத்தானே போனேன்? நீங்க கம்ப்ரசரை ஓடவிட்டுக்கிட்டு மண்டையை மண்டையை ஆட்டினீங்க!" என்கிறாள். நேற்றுச் சத்தத்துக்குக் கோபமே இல்லையாம். "அந்தக் குணவதி அம்மா ஜெபத்தை முடிக்கவே மாட்டாங்க. நல்ல நேரத்துல வெடிச்சீங்க" என்கிறாள். கல்யாண நாளையும் அவளே மறந்துவிட்டாளாம். பின்டயர் கடைசிவரை அசையவில்லை. போன மாதம் தவுக்கே கடையில் டியூப் போட்டுத் தந்த முன்டயர்தான் பாறையில் காற்று இறங்கிப் படுத்துவிட்டது. அப்படியும் மாப்பிள்ளை நான்காவதாக வந்துவிட்டார். இவள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் "காலை ஊனாதீங்க மாப்பிள்ளை!" என்று கத்தினதில் நடுவரே திடுக்கிட்டாராம். மோட்டார்சைக்கிளை விற்கச் சொல்லி எழுதவேண்டாம். முன்சக்கரத்துக்கு ஒட்டுப் போட்டாகிவிட்டது. இதை இப்போது பள்ளிக்கூடத் திடலில் உட்கார்ந்து எழுதுகிறேன், மாப்பிள்ளை ஓட்டுகிறார், சீட் இல்லாததால் லூர்து மேரி பின்னால் நின்றுகொண்டு அவர் தோளைப் பிடித்திருக்கிறாள், சேலை காற்றில் பறக்கிறது, நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை. அடுத்து யார் ஏறுவது என்று பக்கிரிசாமி கேட்கிறார். முடிக்கிறேன், மச்சான், எனக்கு முன்னால் அவர் ஏறிவிடுவார்.