ஆரம்பசூரரின் சவரக்கத்தி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆரம்பசூரர் வீட்டுக்குள் நுழைந்தபோது கையில் காய்கறிப் பை இல்லை. துருப்பிடித்த சவரக்கத்தி ஒன்று இருந்தது.

ஆரம்பசூரர் என்பது தபால் ஆபீசில் அவருக்கு வைத்த பெயர். எதையும் ஆரம்பிக்க அவரைப்போல் ஆள் கிடையாது. முடிக்கத்தான் வேறு ஆள் வேண்டும். புல்லாங்குழல் பாதியில் நின்றது. மீன் தொட்டி மீன் வாங்குவதற்கு முன்பே நின்றது. யோகாசனத்தில் அவரே பாதியில் நின்றுவிட்டார். டாக்டர் வந்துதான் நிமிர்த்தினார்.

"பழைய சாமான் கடையில கிடைச்சுது! கொம்புப் பிடி! இந்த மாதிரி இரும்பு இப்ப வராது!"

"இதுல கத்தி எங்க இருக்கு? துருதான் தெரியுது" என்றாள் மனைவி, வாயில் நாலு குண்டூசியோடு. அவள் வீட்டிலேயே தையல் தைப்பவள். ஊசியை வாயில் வைத்துக்கொண்டே பேசுவாள். பேச்சிலும் அது தெரியும்.

"துருவெல்லாம் போயிடும். நானே தீட்டி, இதாலயே சவரம் பண்ணப்போறேன். அதுக்கு ஒரு பட்டறை வேணும். ஜன்னலோர மேசை இனிமே எனக்கு!"

விவகாரம் அந்த மேசைதான். வீட்டில் நல்ல வெளிச்சம் விழும் இடம் அது ஒன்றே. தையல் மிஷினை அங்கே வைக்க வேண்டும் என்று அவள் இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். இருட்டு மூலையில் கறுப்புத் துணியில் கறுப்பு நூலை ஓட்டி ஓட்டி அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. மேசைமேல் மீனில்லாத மீன் தொட்டி காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

மனைவி குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். அவள் ஊசியை எடுத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"சரி. ஞாயித்துக்கிழமை காலையில, உங்க கையாலயே தீட்டின கத்தியால, ரத்தம் வராம சவரம் பண்ணுங்க. மேசை உங்களுக்கு. இல்லைன்னா மிஷினுக்கு."

"சவால்!"

"வேற கை படக்கூடாது."

"சத்தியம்! படாது!"

"அப்ப இருங்க, தெருமுனை வரைக்கும் போய் ஒரு அளவு எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

புதன்கிழமை துரு. எண்ணெய் விட்டு, உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து இரும்பு பளிச்சென்று சிரித்தது. ஆரம்பசூரர் குதித்தே விட்டார்.

"ஏய், ஓடி வா! கத்தியில என் மூஞ்சி தெரியுது!"

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

வியாழக்கிழமை கல். கத்தியின் முதுகும் வெட்டும் வாயும் சேர்ந்து கல்லில் படிந்திருக்க வேண்டும் என்று போன் வீடியோவில் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முதுகைக் கொஞ்சம் தூக்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று இவருக்குத் தோன்றியது. தூக்கினார். வேலை முடிந்தேவிட்டது. கையில் வைத்து இழுத்துப் பார்த்தால், முடி ஒவ்வொன்றும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு நிமிர்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை தோல். தீட்டிய கத்தியைத் தோலில் இழுத்துப் பதமாக்க, ஆபீஸ் பெல்ட்டைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினார். கல்லில் வாய் முன்னே போகும். தோலில் முதுகுதான் முன்னே போக வேண்டும். கல்லில் பழகிய கை தோலிலும் வாயை முன்னே விட்டது. முடியை வெட்டாத கத்தி பெல்ட்டை ஒரே இழுப்பில் இரண்டாக்கியது. சனிக்கிழமை முழுக்க ஒரு கையால் முத்திரை குத்தினார், மறு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தெருமுனை சலூனுக்குள் பூனைபோல் நுழைந்தார். சலூன்காரர் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், இது கத்தி இல்ல, ரம்பம்."

"நீங்க கொஞ்சம்... விஷயம் வெளிய போக வேண்டாம்."

அரை மணி நேரத்தில் கத்தி உயிர் பெற்றது. கையில் லேசாகத் தொட்டாலே முடி பறந்தது. கூலி எவ்வளவு என்று கேட்டால், புத்தம் புது நீலக்கரைத் துணியை உதறி மடித்துக்கொண்டே சலூன்காரர் சிரித்தார்.

"வேணாம் சார். எல்லாம் ஆச்சு."

ஆரம்பசூரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனிடம் கூலி வாங்குவானா என்ன!

ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலோர மேசை. மீன் தொட்டியில் சாய்த்து வைத்த கண்ணாடி. மனைவியே பின்னால் நின்று கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டாள். நுரை பூசினார். கத்தி கன்னத்தில் இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை! அவருக்கே நம்ப முடியவில்லை.

"பாத்தியா! பாத்தியா!"

"அட! நீங்களேவா தீட்டினீங்க?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா? மூணு கல்லு! முந்நூறு இழுப்பு!"

கத்தி தொண்டைக்கு வந்தது. தலையை நிமிர்த்தியபோதுதான் கண்ணாடியில் துணியின் ஓரம் தெரிந்தது. நீலக்கரை. கை அப்படியே நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இந்தத் துணி..."

"நல்லா இருக்கா? சலூன்காரருக்கு ஆறு தைச்சுக் குடுத்தேன். மீந்ததுல உங்களுக்கு ஒண்ணு."

"கூலி?"

"வாங்கலை. எங்க வீட்டுக்காரர் ஒரு கத்தி கொண்டு வருவார், நல்லா தீட்டிக் குடுத்துடுங்கன்னு மட்டும் சொன்னேன். தொண்டையில வைக்கிற சாமான். எனக்கு இருக்கறது ஒரே புருஷன்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. இவருக்கு எச்சில்கூட விழுங்க முடியவில்லை. உதடு அசையாமல் கேட்டார்:

"எப்ப சொன்ன?"

"செவ்வாய்க்கிழமை. அளவெடுக்கப் போனேனே, அப்ப."

சலூனுக்குப் போகலாம் என்று அவருக்கே தோன்றியது சனிக்கிழமைதான்.

"அசையாதீங்க. மிச்சத்தையும் முடிச்சுட்டு மீன் தொட்டியை எடுங்க. மிஷினுக்கு எண்ணெய் போட்டாச்சு. இந்த வெளிச்சத்துல முதல் வேலையே உங்க பேண்ட்டுக்கு நாடா வச்சுத் தைக்கறதுதான்."