சத்தத்தின் வயரைப் பிடுங்கியவன்

ஈப்போ வட்டாரத்தில் காதை மட்டுமே நம்பி வாழ்ந்தவன் ஒருவன்தான். அவன் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது திரைக்குப் பின்னால் போய் வயரைப் பிடுங்கியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று ஒதுக்கி வைத்தால், எனக்கிருக்கும் சாமர்த்தியத்துக்குச் சொல்லாமலே முடித்துவிடுவேன்.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஈப்போவில் எங்கள் பகுதியான புந்தோங்கில் யாருக்கும் அது தெரியாது. 'சத்தம்' என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கே ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு இங்கே வந்தவன். முதலில் வயலின் கற்றான். பாதியில் விட்டான்.

"வயலின்ல இருக்கற சத்தத்தையெல்லாம் ஏற்கனவே கண்டுபுடிச்சிட்டாங்க சார்" என்றான் என்னிடம்.

அதன்பிறகு அவன் கண்டுபிடிக்கக் கிளம்பியவற்றை என்னவென்று சொல்ல! முள் நிறைந்த டுரியான் பழம் விழும் ஓசையைப் பதிவு செய்ய, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மரத்தடியில் படுத்துக் கிடந்தான். திருடன் என்று நினைத்துத் தோட்டத்து முதலாளியான சீனர் கம்போடு வந்தார். "பழத்த எடுக்கல தவுக்கே, சத்தத்த மட்டும்தான் எடுக்கறேன்" என்றான். அவர் நன்றாக யோசித்துவிட்டு, சத்தம் இலவசம், ஆனால் போகும்போது ஒரு பழமாவது வாங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

லூமுட் படகுத்துறையில் மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் தூண்டில் போட்ட பெரியவர் ஒருவர் பரிதாபப்பட்டார்.

"என்னா தம்பி, ஒன்னும் கடிக்கலயா?"

இவன் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினான். கடலுக்கடியில் இறாலும் மீனும் போடும் படபடச் சத்தத்தை அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு, "அடோய், இதுங்க இவ்வளவு பேசுதா? இனிமே எப்படி லா சாப்பிடறது?" என்று தூண்டிலைச் சுருட்டினார்.

எழுதவும் செய்வான். ஜிங்க் கூரையில் விழும் மழையைப் பற்றி அவன் எழுதிய கட்டுரை ஒரு சிற்றிதழையே நிரப்பியது. பழைய கடைவீட்டு மாடியில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, அவனைப் போலவே சத்தத்தைத் தேடி அலைபவர்களையெல்லாம் நாடு முழுவதிலிருந்தும் திரட்டி ஒலிக் கண்காட்சிகள் நடத்துவான். என் மனைவி ஒரு முறை வந்து நெடுநேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பக்கத்துப் பையனிடம், "எப்ப தம்பி ஆரம்பிக்கும்?" என்றாள்.

"முடிஞ்சிருச்சு அக்கா."

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். அப்போது எங்கள் கலை மன்றத்தின் தலைவன். ஒருநாள் சத்தம் என்னிடம் வந்தான். ஜப்பானிலிருந்து ஓர் அம்மையார் தங்கள் இசை விழாவுக்கு ஆள் தேடி ஈப்போவுக்கு வருகிறார், வாசித்துக் காட்ட மண்டபம் வேண்டும் என்றான். உடனே எங்கள் ஆண்டு விழாவிலேயே இடம் கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டு விருந்தினர் முன்னிலையில் தலைமையுரை! எந்த மன்றத் தலைவனுக்குக் கிடைக்கும்? கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பழகினேன்.

எங்கள் விழாக்களில் பாட்டும் பரதமும் ஒரு உரைக்கும் அடுத்த உரைக்கும் நடுவே மூச்சு வாங்கத்தான். இவனோ ரப்பர் ஷீட் உருட்டும் பழைய மெஷினை மேடையில் ஏற்றி, அதன் மேல் மைக்கை ஒட்டி, கைப்பிடியை மெல்லச் சுற்றினான். மண்டபமே முனகியது. "எண்ணெய் போடுங்கப்பா!" என்றது பின்வரிசை. அவன் இன்னும் மெதுவாகச் சுற்றினான். ஓசை இழையாகிக்கொண்டே போனது. ஜப்பானிய அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். முன்வரிசையில் எங்கள் வைபி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வைபி போய்விட்டால் என் உரையை யார் கேட்பது?

பிடுங்கினேன். புரியாமல் செய்ததல்ல, அது இசை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு மேடையேறி, சோகமான முகத்தோடு, "வயர் கோளாறு" என்று அறிவித்தேன். கைத்தட்டல் அள்ளிக்கொண்டு போனது. என் உரையின் தலைப்பு 'கலைஞர்களைக் காப்போம்'. நான் கலைஞர்களைக் காத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் என் காலடியில் தவழ்ந்து கோளாறைத் தேடினான்.

"சார், கால கொஞ்சம் நகத்துங்க."

நகர்த்தினேன்.

அடுத்த முறை எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள் என்று அம்மையார் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை வரவேயில்லை. அதோடு அவன் வாசிப்பதை நிறுத்தினான். எழுதினான், மற்றவர்களைக் கூட்டி வந்து மேடை கொடுத்தான்.

"உன் வாசிப்பு எப்ப தம்பி?" என்று நானும் வெட்கமில்லாமல் கேட்பேன்.

"வேணாம் சார். அவ்வளவு பெரிய நாளுல ஒரு வயரப் பாத்துக்கத் தெரியல. எனக்கு எதுக்கு மேடை?"

நான் தலையாட்டிவிட்டு, அவன் கண்காட்சியில் வைத்திருக்கும் கரிபாப் பலகாரத்தில் இன்னொன்றை எடுத்துக்கொள்வேன். தொற்றுக்காலமும் சேர்த்துச் சில வருடங்கள் இப்படியே தின்றேன்.

போன வருடம் எனக்குக் காது மெஷின் பொருத்தினார்கள். அதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு ஓடி வந்தவன் அவன் ஒருவன்தான். "இலை எப்படி சார் கேக்குது? சட்டை உரசறது கேக்குதா?" என்று பொறாமையோடு விசாரித்தான். என் காதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிறவனிடம் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"நீங்களா?" என்றான். நாற்காலியிலிருந்து எழுந்தான். "அந்த வயர நான் திட்டாத திட்டு இல்ல சார். நல்ல வயரு. குப்பையில போட்டேன்." வாசல்வரை போனவன் திரும்பினான். "என்னையும்தான் சார் போட்டேன்."

போய்விட்டான். அதன்பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்கவில்லை.

நான் மன்றக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். மண்டபத்தை அவனுக்காக எடுத்து, அழைப்பிதழில் 'உரைகள் கிடையாது' என்று போட்டேன். அச்சுப்பிழை என்று செயலாளர் திருத்தப் போனார், தடுத்தேன். அவன் வருவானா என்பது கடைசிவரை தெரியாது. வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் மெஷினை இறக்கினான். ஒவ்வொரு வயரையும் தானே சொருகினான். நான் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

பாதியில் வைபி வந்தார், மாலையும் ஆட்களுமாக.

"என்னா சார், உள்ள போலாமா?"

"இப்ப முடியாது வைபி."

"நான் லா சார்!"

"அதான் முடியாது."

பொருளாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சார், மண்டபத்துக்குக் கூரை போட்டுக் குடுத்ததே அவருதான்!" நான் அசையவில்லை. வைபி மாலையோடு திரும்பிப் போனார். அடுத்த கூட்டத்தில் என் தலைவர் பதவியும் போனது. விடைபெறும் உரைக்குக்கூட நேரம் ஒதுக்கவில்லை.

வாசிப்பு முடிந்ததும் சத்தம் நேராக என்னிடம் வந்தான்.

"வாசல்ல யாரு சார் அவ்வளவு சத்தம் போட்டது? மெதுவா வாசிச்ச எடம் பூராவும் உங்க கொரலுதான்."

மன்னிப்புக் கேட்டேன். அவன் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். "அந்தப் பக்கம் புடிங்க" என்றான். இரண்டு பேருமாக மெஷினை வேனில் ஏற்றினோம்.

சில வாரம் கழித்து அன்றைய பதிவை வெளியிட்டு எனக்கும் அனுப்பினான். ஓசை இழையாகும் இடத்தில், தூரத்தில், ஒரு கிழவன் "இப்ப முடியாது வைபி" என்கிறான். கூசிப்போய் அவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அத மட்டும் வெட்டிடேன்."

"வெட்ட மாட்டேன் சார். இருக்கட்டும். அந்த எடத்துக்கு நல்லாத்தான் இருக்கு."

போனை வைத்துவிட்டு அந்த இடத்தை மறுபடி போட்டேன். என் குரலுக்கு அடியில் அவன் சுற்றிக்கொண்டே இருந்தான், நிறுத்தாமல்.